சட்டித் தண்ணீரும் நம் ஊர்க் கைலியும்

1

"நம் நாட்டுத் துணியையே உடுத்துவோம்" என்று ஊர்க்காரர்களே, நீங்கள் அங்கே கூட்டம் போட்டுக் கை தூக்குவதைப் பத்திரிகையில் படிக்கிறேன். நல்ல காரியம், தூக்குங்கள். நான் பினாங்கில், சூலியா ஸ்திரீட்டில், அந்த நம் நாட்டுத் துணியை விற்றுப் பிழைக்கிறவன். கை தூக்குகிற இடத்துக்கும் விற்கிற இடத்துக்கும் நடுவே கடல் கிடக்கிறது. அதனால் இங்கே நடப்பது உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. தெரியட்டும் என்றுதான் வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன். அங்கங்கே கோபம் வந்தால் அது உங்கள் மேலும்தான்.

இந்த ரஜபு மாதத்தோடு நான் கடை திறந்து பதினெட்டு வருஷம். ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் நபிகள் புகழான மௌலூது ஓதி, அக்கம்பக்கத்துக் கடைகளுக்கு நெய்ச்சோறு அனுப்புவது வழக்கம். இந்த வருஷம் நெய்ச்சோறு ஆக்கவில்லை. என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் பக்கத்து மளிகைக்கடைக்காரர் வந்து, "என்ன நானா, வீட்டுல யாருக்கும் சொகமில்லையா?" என்று கேட்டார். எல்லோரும் சுகம்தான், சட்டிதான் ஊருக்குப் போயிருக்கிறது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். உங்களுக்காவது விளங்கும்படி சொல்லப் பார்க்கிறேன்.

2

நம் கைலிக்கு இங்கே மலாய்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'பெலிக்காட்'. ஒரு காலத்தில் பழவேற்காட்டிலிருந்து கப்பலேறி வந்த துணி என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். பெருநாள் தொழுகைக்குப் புது பெலிக்காட் உடுத்தாமல் போவதென்றால் அவர்களுக்கு மனம் ஒப்பாது. அதிலும் ஒரு கண்டிப்பு உண்டு. முதல் தடவை உடுத்தும்போது மடிப்பு மடிப்பாகத் தெரிய வேண்டும், கஞ்சி மொடமொடவென்று நிற்க வேண்டும், புதுத்துணி வாசனை வர வேண்டும். உடுத்துவதற்கு முன்னால் தண்ணீரில் நனைத்துவிட்டால் அது பழைய துணி; சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள்.

இதில் உள்ள சங்கடத்தைக் கவனித்தீர்களா? சாயம் நிற்குமா நிற்காதா என்று வாங்குகிறவருக்கு முன்கூட்டித் தெரிய வழியே இல்லை. முதல் சலவையில்தான் குட்டு வெளிப்படும். அதுவரைக்கும் கடைக்காரனுடைய வாயைத்தான் நம்ப வேண்டும். கடைக்காரனுடைய வாய் எப்படிப்பட்டதென்று உலகத்துக்கே தெரியும்.

அதனால்தான் நான் சட்டி வைத்தேன். ஊரிலிருந்து முதல் தடவை வரும்போது கொண்டுவந்த அகன்ற பித்தளைச் சட்டி; வருஷத்துக்கு ஒரு நாள் நெய்ச்சோறு ஆக்குவதும் அதில்தான். கடைகளுக்கு முன்னால் மேல்மாடிக்குக் கீழே நீளமாக ஓடுகிற நடைபாதையை இங்கே அஞ்சடி என்கிறோம். அந்த அஞ்சடியில் ஒரு முக்காலி, முக்காலி மேல் சட்டி, சட்டி நிறையத் தண்ணீர். வருகிறவர் அடுக்கிலிருந்து எந்தக் கைலியை வேண்டுமானாலும் உருவலாம். நான் அதன் மூலையை மட்டும் நனைத்து, வெள்ளைக் கைக்குட்டையில் வைத்துப் பிழிந்து காட்டுவேன். கைக்குட்டையில் சாயம் பட்டால் கைலி இனாம். இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் இனாம் கொடுக்க நேர்ந்ததில்லை என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். கைலியில் ஒட்டுகிற எங்கள் 'இரட்டைப் புறா' சாப்புச் சீட்டைப் பார்த்துவிட்டுத் தண்ணீரே வேண்டாம் என்று சொல்லி வாங்கிப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் வலுக்கட்டாயமாக நனைத்துக் காட்டித்தான் அனுப்புவேன். மரியம் இதைப் பார்த்துச் சிரிப்பாள்.

மரியம் என் மனைவி. பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தமிழில் பாதி மலாய். எங்கள் மகள் ஜெய்னம்பின் தமிழில் முக்கால் மலாய். நான் தமிழில் கேட்டால் அவள் மலாயில் பதில் சொல்லுவாள். ஊருக்கு ஒரு தடவை கூட்டிப் போக வேண்டும் என்று சொல்லும்போதெல்லாம், "அங்கே யாரை எனக்குத் தெரியும்?" என்று கேட்கிறாள். கேட்கிற கேள்வி சரிதான். என்னிடமிருந்து அவள் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று, துணியை விரலால் தேய்த்துப் பார்ப்பது. அதுவாவது ஒட்டியதே என்று இருந்தேன்.

3

ஜப்பான் கைலி முதன்முதலில் எதிர்க்கடையில் தொங்கியபோது தெருவே சிரித்தது. நம் கட்டத்தை அப்படியே பார்த்து அச்சடித்தது. உட்கார்ந்து எழுந்தால் பின்பக்கம் கிழிந்தது. ஒரு சலவைக்கு ஒரு சாண் சுருங்கியது. "ஜப்பான் சாமான்" என்று சொன்னாலே உடைகிற பொருள் என்று அர்த்தம். விளையாட்டுச் சாமான், விளக்குக் கண்ணாடி, பூட்டு எல்லாம் அப்படித்தான் இருந்தன.

அடுத்த வருஷம் வந்தது கிழியவில்லை. அதற்கடுத்து வந்தது சுருங்கவில்லை. விலையோ நம்முடையதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஜப்பான் துணி இவ்வளவுதான் இறங்கலாம் என்று சர்க்கார் அளவு வைத்தது. அதற்குப் பிறகும் கடைகளில் குறையக் காணோம். சீனர்கள் மட்டும் ஜப்பான் பொருளைத் தொடுவதில்லை. அவர்கள் நாட்டோடு ஜப்பான் போடுகிற சண்டை அப்படி. அவர்களுடைய வாலிபர்கள் ஜப்பான் சரக்கு விற்ற சில கடைப் பலகைகளில் தார் பூசியதும் நடந்தது. எனக்கோ தார் பயம் எதுவும் இருக்கவில்லை. நான்தான் நம் நாட்டுச் சரக்கு விற்கிறவன் ஆயிற்றே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவேன், வருவேன்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் ஆள் விட்டு எதிர்க்கடைக் கைலி ஒன்றை வாங்கிவரச் செய்து, வீட்டுக்குள் வைத்துச் சட்டியில் நனைத்தேன். பிழிந்தேன். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. இன்னொரு தடவை நனைத்துக் கசக்கிப் பிழிந்தேன். அப்போதும் வெள்ளைதான். எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல!

நம் சரக்கோ எதிர்த்திசையில் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சிப்பத்திலும் ஏதோ ஒன்று குறைந்திருக்கும். ஒரு தடவை நீளத்தில் நாலு விரல். ஒரு தடவை நெசவில் நெருக்கம். அதை மறைக்கக் கஞ்சியை இரட்டிப்பாக ஏற்றியிருப்பார்கள். தூக்கிப் பார்த்தால் கனமாக இருக்கும், தட்டினால் மாவு பறக்கும். சாயம் ஒன்றாவது நிற்கிறதே என்று மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

4

எனக்குச் சரக்கு அனுப்புகிறவர் வேற்று ஆள் இல்லை. என் லாத்தாவின், அதாவது அக்காவின், புருஷன் யூசுப் மச்சான். ஊரில் தறிக்கூடம் வைத்து நடத்துகிறார். உம்மா மவுத்தான பிறகு என்னை வளர்த்தது லாத்தாதான். அவளுடைய வீட்டில் உலை கொதிப்பது அந்தத் தறிகளால். தறிகள் ஓடுவது என் கடையால். இந்தக் கணக்கு மூன்று பேருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இந்த வருஷம் மச்சான் சிப்பங்களோடு தானே புறப்பட்டு வந்தார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கப்பலேறும் காலம் இது. கெடாவிலிருந்து ஹாஜி இட்ரிஸ் என்பவர் வருஷாவருஷம் ஒரு கூட்டத்தை அழைத்து வந்து, அச்சின் ஸ்திரீட்டில் தங்கவைத்து, இங்கிருந்து ஜித்தாவுக்குக் கப்பலேற்றுவார். அத்தனை பேருக்கும் வேண்டிய கைலியை என் கடையில்தான் எடுப்பார். என் வருஷத்து வியாபாரத்தில் பெரும்பங்கு அந்த ஒரு நாளில் முடியும். அதை நேரில் பார்க்க வேண்டும் என்று மச்சானுக்கு ஆசை.

டெக் பிரயாணிகளை நேரே கரையில் விடுவார்களா? பக்கத்திலுள்ள ஜெரஜாத் தீவில் இறக்கி, வரிசையில் நிறுத்தி, அம்மை குத்தின தழும்பைப் பார்த்து, சட்டை, கைலி எல்லாவற்றையும் கழற்றி வாங்கி ஒன்றாக ஆவியில் போட்டு எடுத்து, அதற்குப் பிறகும் சில நாள் அடைத்து வைத்துத்தான் விட்டார்கள். துறைமுகத்தில் மச்சானைக் கண்டபோது அவருடைய வெள்ளைச் சட்டை திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது.

"பாத்தியா மாப்ளே, வெள்ளைக்காரன் பண்ண வேலய! நல்ல சட்ட. ஆவியில போட்டு வேக வெச்சுக் குட்டிச்சுவராக்கிட்டான்" என்றார்.

நானும் சேர்ந்துகொண்டு சர்க்காரை நாலு வார்த்தை ஏசினேன். சர்க்காரை ஏசுவதற்குக் காரணம் கிடைத்தால் நாம் விடுகிற ஆட்களா?

மச்சான் எனக்கென்று தனியாக ஒரு கைலி கொண்டுவந்திருந்தார். புதுச் சிப்பத்திலிருந்து எடுத்தது, சிவப்புக் கட்டம் போட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு உடுத்திப் போனேன். மறுநாள் மரியம் பின்கட்டிலிருந்து கூப்பிட்டாள். போனேன். என் வெள்ளை ஜும்ஆ ஜுப்பாவை இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜுப்பா முழுக்கச் சிவப்பு.

"ரெண்டயும் ஒண்ணா ஊறப்போட்டேங்க. பாஜு போச்சு லா" என்றாள். பாஜு என்றால் சட்டை. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஜெரஜாவுல ஆவின்னு சொன்னாரு உங்க மச்சான். நம்ம வீட்டுல என்ன ஆவி லா?" என்று கேட்டாள்.

கடைக்குப் போய்ச் சிப்பத்தைப் பிரித்தேன். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று எடுத்து நனைத்தேன். சட்டித் தண்ணீர் வெற்றிலை எச்சிலாகிவிட்டது. பச்சைக் கட்டமும் நீலக் கட்டமும் அதே கதைதான். ஜெய்னம்பு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "எதிர்க்கடை சாராம் தா லுந்தூர், வாப்பா" என்றாள். சாயம் போகாது என்று அர்த்தம். குத்திக்காட்டச் சொன்னதில்லை, கண்டதைச் சொன்னாள். என் மகள் வாயிலிருந்து அதைக் கேட்டபோது அழுகை வந்தது, ஆண்பிள்ளை என்று அடக்கிக்கொண்டேன்.

5

மத்தியானச் சாப்பாட்டில் மச்சானிடம் கேட்டுவிட்டேன். மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். மெதுவாக முடியவில்லை.

"சாயம் எறங்குது மச்சான்."

"மொதத் தண்ணியில கொஞ்சம் எறங்கத்தான் செய்யும்."

"கொஞ்சமா? என் ஜுப்பாவ பாத்தீங்களா?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "சரி, நேராவே பேசுவோம். வெலைய எறக்குங்க, எறக்குங்கன்னு சொன்னது யாரு? நீதானே? எதுல எறக்குறது? கூலிய எறக்கினா நெய்யிறவன் தறிய விட்டுட்டு ரங்கூன் போயிடுறான். மிச்சம் நூலு, சாயம். அதுல எறக்கினேன்."

"சாப்பு ஒண்ணு இருக்கு மச்சான். நம்ம நாட்டுச் சரக்குன்னு நம்பி வாங்குறாங்க."

"நம்ம நாட்டுச் சரக்கா?" என்று சிரித்தார். நல்ல சிரிப்பில்லை அது. "நூலு எந்த மில்லுலேருந்து வருதுன்னு தெரியுமா ஒனக்கு? சாய டப்பாவுல எந்த நாட்டு எழுத்து இருக்கு, அது தெரியுமா? இதுல நம்ம நாட்டுது கை மட்டுந்தான் மாப்ளே."

"அந்தக் கையும் இப்ப சரியில்லயே" என்றேன்.

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. பிறகு என்னைப் பார்க்காமல், "இந்தச் சிப்பம் திரும்பி வந்தா தறி நிக்கும். நின்னா நின்னதுதான். ஒங்க லாத்தாகிட்ட நீயே சொல்லிக்க" என்றார்.

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

ஹாஜி இட்ரிஸின் ஆட்கள் எடுத்துப்போவது வெறும் கைலி என்றால் நான் இவ்வளவு நடுங்கியிருக்க மாட்டேன். அவர்களுடைய மூட்டையில் இன்னொரு துணியும் இருக்கும். ஹஜ்ஜில் உடுத்துகிற இஹ்ராமுக்கான வெள்ளைத் துணி. ஆயுள் முழுக்க வயல் வேலை செய்து சேர்த்து ஒரே ஒரு தடவை போகிறவர்கள். ஹஜ்ஜு முடிந்ததும் அந்த வெள்ளையை மக்காவின் ஜம்ஜம் தண்ணீரில் அலசி, காயவைத்து, பத்திரமாக ஊருக்குக் கொண்டுவருவார்கள். தங்கள் கபனுக்கு, கடைசிப் பயணத்தில் உடம்பைச் சுற்றுவதற்கு. கப்பலிலோ எல்லாம் ஒரே மூட்டை. அலை அடித்து மூட்டை நனைவது சகஜம். வெள்ளைக்குப் பக்கத்தில் என் இரட்டைப் புறா இருக்கும்.

என்ன செய்யலாம் என்று எல்லாம் செய்து பார்த்தோம். மரியம் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தாள். படிகாரம் கரைத்துப் போட்டாள். காடியும் ஊற்றினாள். சாயம் கொஞ்சம் மட்டுப்பட்டது, நிற்கவில்லை. அதோடு கஞ்சி போய்விட்டது. கஞ்சி போனதும் பார்த்தால் துணி கொசுவலை. இந்தப் பக்கம் பிடித்தால் அந்தப் பக்கம் ஜெய்னம்பின் முகம் தெரிந்தது.

மச்சான் ஒரு யோசனை சொன்னார். "அவங்க ஜித்தா போயி, எல்லாம் முடிச்சுத் திரும்பி வர எத்தன மாசம் ஆவும்? அதுக்குள்ள யாருக்கு ஞாபகம் இருக்கும்? கடத்தண்ணியில போச்சுன்னு நெனச்சுக்குவாங்க."

உண்மைதான். அப்படித்தான் நினைத்துக்கொள்வார்கள். மச்சானே தன் சட்டைக்கு ஆவியைக் குற்றம் சொல்லவில்லையா? பழைய நல்ல சரக்கு கடையில் கொஞ்சம்தான் மிச்சம். கூட்டத்தில் கால்வாசிப் பேருக்குக்கூடக் காணாது. எதிர்க்கடைச் சரக்கை வாங்கி அதில் என் சாப்பை ஒட்டி விற்கலாம் என்ற நினைப்பும் ஒரு சாயந்திரம் வந்து போனது. வந்ததை மறைப்பானேன்? மனம் கூசியது, விட்டுவிட்டேன்.

6

ஹாஜி இட்ரிஸ் ஒரு காலையில் வந்தார். அவர் பின்னால் ஏழெட்டுப் பேர். அதில் பா மாட் என்று ஒரு கிழவர், பல் ஒன்றுகூட இல்லை, முகம் முழுக்கச் சிரிப்பு. அஞ்சடியில் சட்டி காலியாகக் கிடந்தது. ஜெய்னம்பு குடத்தோடு வாசற்படியில் நின்றவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஊற்றாமல் நின்றாள்.

"தண்ணீர் எதுவும் வேண்டாம் மாமாக்" என்று ஹாஜியே முந்திக்கொண்டார். இங்கே நம் ஆட்களை மலாய்க்காரர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "கப்பல் நேரம் வந்துவிட்டது. உங்கள் சாப்பை எங்களுக்குத் தெரியாதா? ஆளுக்கொன்று எடுத்துக் கட்டிவிடுங்கள்."

யூசுப் மச்சானுக்கு மலாய் தெரியாது. ஆனாலும் வியாபாரிக்கு இதற்கெல்லாம் பாஷை வேண்டுமா? ஹாஜி கையை ஆட்டி வேண்டாம் என்றதுமே அவருக்கு விளங்கிவிட்டது. சிப்பத்தின் கயிற்றை அறுக்க ஆரம்பித்தார். எனக்கும், சொல்லத்தான் வேண்டும், ஒரு கணம் மூச்சு லேசாக வந்தது. நான் மறைக்கவில்லை, அவர்தான் கேட்கவில்லை. இப்படி ஒரு நியாயம் கிடைத்துவிட்டதே என்று மனசு ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டது.

அப்போது பா மாட் தன் இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை அவிழ்த்து என் கையில் வைத்தார். இரண்டு வெள்ளைத் துணி, நாலாக மடித்தது.

"இதையும் கைலியோடு சேர்த்து ஒரே கட்டாகக் கட்டிக் கொடுங்கள் மாமாக்" என்றார். "என் கையில் இருந்தால் அழுக்காகிவிடும். பெண்டாட்டி பத்திரம் பத்திரம் என்று சொல்லி அனுப்பினாள்."

வெள்ளை என் உள்ளங்கையில் இருந்தது. மச்சான் ஒரு சிவப்புக் கட்டத்தை எடுத்து அதன் மேல் வைக்க நீட்டினார்.

"ஜெய்னம்பு, சட்டியில தண்ணி ஊத்து" என்றேன்.

மச்சான் தமிழில், உதடு அசையாமல், "வேணாம் மாப்ளே" என்றார். நான் வெள்ளைத் துணியைத் தூரமாக ஒரு பலகையில் வைத்தேன். "லாத்தாவ நெனச்சுப் பாரு" என்றார். நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். லாத்தா என் தலையில் எண்ணெய் வைக்கும் கை நினைவில் வந்துகொண்டே இருந்தது. ஜெய்னம்பு ஊற்றினாள். பாதித் தண்ணீர் முக்காலியில் சிந்தியது.

மச்சான் கையிலிருந்த கைலியை வாங்கி, மூலையை நனைத்து, கைக்குட்டையில் பிழிந்தேன்.

கைக்குட்டை சிவந்தது. ஹாஜி இட்ரிஸ் கைக்குட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கைலியைத் திருப்பி, சாப்பைப் பார்த்தார். வேறு யாருடைய சரக்காவது கலந்துவிட்டதோ என்று எனக்காக ஒரு வழி தேடினார் பாவம்.

"என்னுடையதுதான் துவான் ஹாஜி. எல்லாம் இப்படித்தான் இருக்கிறது. நல்லது கொஞ்சம் இருக்கிறது, அது எல்லோருக்கும் பற்றாது" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நல்லதில் இருந்ததை எடுத்துக்கொண்டார். மற்றவர்களுக்கு எதிர்க்கடைக்குப் போனார். போகாமல் என்ன செய்வார்? கப்பல் காத்திருக்குமா? பா மாட் பலகையிலிருந்த தன் வெள்ளைத் துணியை எடுத்து, விரித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உற்றுப் பார்த்துவிட்டு மடித்துக்கொண்டார். என் முகத்துக்கு நேரே செய்தார். அவர் கள்ளமில்லாமல்தான் செய்தார். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

தெருவைக் கடக்கப் போன ஹாஜி திரும்பி வந்தார். "அடுத்த வருஷமும் தண்ணீர் வையுங்கள் மாமாக்" என்றார். "நான் வேண்டாம் என்று சொன்னாலும் வையுங்கள்." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

7

மச்சான் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. "அத்தன பேரு முன்னாடி என்னை நிக்க வெச்சு அவமானப்படுத்திட்டே" என்றார். பதில் சொல்லியிருந்தால் சண்டையாகி, அந்தச் சண்டை லாத்தா வரைக்கும் போய் நின்றிருக்கும்.

கப்பலுக்கு இன்னும் சில நாள் இருந்தது. மச்சான் ஊருக்குச் சாமான் வாங்கினார். இங்கேதான் உங்களிடம் ஒரு வார்த்தை. நீங்கள் சொல்லி அனுப்பிய சாமான்கள் எல்லாம் வாசலில் வந்து இறங்கின. ஒருவருக்கு ஜப்பான் டார்ச் லைட். ஒருவருக்கு ஜப்பான் எனாமல் தட்டு. ஒருவருக்கு ஜெர்மன் கத்தி. கூட்டத்தில் முன்வரிசையில் உட்காரும் ஒரு பெரியவருக்கு இங்கிலீஷ் கம்பளி, பெயர் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம். என் லாத்தாவுக்குப் பூப்போட்ட ஜப்பான் 'வாயில்' துணிச் சேலை. எல்லாம் எதிர்க்கடையில் வாங்கியது.

பெட்டியைக் கட்டும்போது நான் அந்தச் சேலையை எடுத்தேன். சட்டியில் அதன் ஓரத்தை நனைத்துப் பிழிந்தேன். சாயம் இல்லை. மச்சான் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவராகவே எழுந்து போய்த் தன் சிப்பத்திலிருந்து ஒரு கைலியை எடுத்துவந்து, குந்தி உட்கார்ந்து, தன் கையால் நனைத்தார். தண்ணீர் சிவந்தது. மறுபடி முக்கினார், மறுபடி சிவந்தது. விரல்களைத் தூக்கிப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் சிவப்பு.

"இம்புட்டு எறங்குமுன்னு நான் நெனக்கல மாப்ளே" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. "அங்க யாரும் நனைச்சுப் பாக்குறதில்ல. தறியிலேருந்து அறுத்து, கஞ்சி போட்டு, மடிச்சு, சிப்பங் கட்டிடுறோம். கப்பல் ஏத்துறதுதானேன்னு…"

அவர் முடிக்கவில்லை. எனக்குக் கோபம் அத்தனையும் வடிந்து, அவர் மேல் இரக்கம் வந்தது. என் மேலும் வந்தது. விலையை இறக்கு என்று நான் சொன்னது உண்மைதானே.

சிப்பங்கள் அவரோடு அதே கப்பலில் திரும்பிப் போயின. துறையில், கப்பலுக்குக் கொண்டுபோகும் சம்பான் படகில் ஏறுவதற்கு முன், சாக்கில் சுற்றிய சட்டியை அவர் கையில் கொடுத்தேன்.

"இது எதுக்கு?"

"தறிக்கூடத்து வாசல்ல வைங்க மச்சான். மடிக்கிறதுக்கு முன்னாடி நனைச்சுப் பாருங்க. வெல ஏறினா ஏறட்டும். வித்துப் பாக்குறேன்."

"ஒன் கடைக்கு?"

"தண்ணி வைக்க இங்க வேற ஏதாச்சும் கெடைக்கும்."

அவர் வாங்கிக்கொள்ளாமல் நின்றார். சம்பான்காரன் சத்தம் போட்டான். வாங்கிக்கொண்டார். சம்பான் நகர்ந்தபோது மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கடலில் போடுவாரோ என்று ஒரு பயம் இருந்தது எனக்கு. கண்ணுக்கு எட்டிய வரை போடவில்லை.

8

கடைக்குத் திரும்பி வந்தால் முக்காலி காலியாக இல்லை. ஜெய்னம்பு அதன் மேல் ஒரு எனாமல் சட்டியை வைத்துத் தண்ணீர் நிறைத்திருந்தாள். உள்ளே பளீரென்று வெள்ளை, விளிம்பில் நீலக் கோடு. எந்த நாட்டில் செய்தது என்று கேட்கவே வேண்டாம்.

"இத யாரு வாங்கச் சொன்னா?" என்று சத்தம் போட்டேன்.

"வெள்ளையில சாயம் நல்லா தெரியும், வாப்பா" என்றாள். முழுசாகத் தமிழில் சொன்னாள். எடுத்து வீசத் தூக்கிய கையைக் கீழே போட்டுவிட்டேன். மரியம் உள்ளே போய்ச் சிரித்தாள். சீன வாலிபர்கள் கண்ணில் படாமல் இருக்க, அதைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டி வைத்திருக்கிறோம்.

இப்போது கடையில் பாதி அடுக்கு காலி. பழைய சரக்கில் மிச்சமிருப்பதை நனைத்துக் காட்டி விற்கிறேன். நிற்கிறது. பெருநாளைக்கு முன்னால் அடுத்த சிப்பம் வர வேண்டும். வருமா, வந்தால் எப்படி வரும் என்ற நினைப்பிலேயே பொழுது போகிறது. லாத்தாவிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. அவள் கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறாள் என்றால் அதைத் தாங்கிக்கொள்வேன். தறி நின்றுபோய்ப் பேச வாயில்லாமல் இருக்கிறாளோ என்றுதான் பயப்படுகிறேன்.

நீங்கள் கூட்டம் முடிந்து வீடு திரும்பும்போது எங்கள் தெரு வழியாகத்தானே போவீர்கள்? ஒரு நடை எட்டி, யூசுப் மச்சானின் தறிக்கூடத்தைப் பாருங்கள். பித்தளைச் சட்டி, விளிம்பில் ஒரு இடத்தில் நசுங்கியிருக்கும். அது தண்ணீரோடு தறிக்கூடத்து வாசலில் இருக்கிறதா, இல்லை அடுக்களையில் சோறு வடிக்கிறதா என்று யாராவது எனக்கு எழுதுங்கள். டார்ச் லைட் வேண்டுமென்றால் அதே கடுதாசியில் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.